வாயிற்காவலரும் வருவோரும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையை ஒட்டி மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர்ப் பாறையொன்றில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு கோயிலைக் குடைவித்தான். செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல், விசித்திரசித்தன் என்னும் வேந்தன் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் அமைத்த இருப்பிடம் இது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. கல்லில் கோயில் அமைத்த புதுமையைப் பற்றி அறிஞர் பலர் பேசியுள்ளனர். நான் இன்று குறிக்க விரும்புவது அக்கோயிலின் முகப்பில் இருமருங்கும் நிற்கும் துவாரபாலகரை. தமிழகத்துக் கற்கோயில்களில் நாம் காணும் மிகப் பழைய வாயிற்காவலர் இவர்களே. உள்ளே மூன்று தெய்வங்களுக்கு மூன்று அறைகள். வெளியே காவலர் இருவர். எந்தத் தெய்வத்தை நாடி வருபவர்க்கும் இவ்விருவரே காவலர்.

வாயில் காப்பவனுக்கு அதிகாரம் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால், அவ்வதிகாரம் அவன் காக்கும் இல்லத்தின் நோக்கத்திலிருந்து பிறப்பதா? அல்லது அவனுடைய சொந்த உள்ளத்தின் கொள்கையிலிருந்து பிறப்பதா? இவ்வினா கோயிலுக்கு மட்டும் உரியதன்று, கடைத்தெருவுக்கும் உரியது. நம் காலத்தில் இவ்வினா மிகச் சிறிய ஓர் அறையின் வாயிலில் எழுந்துள்ளது. ஜவுளிக் கடைகளில், எடுத்த துணியை உடுத்திப் பார்ப்பதற்கென ஒதுக்கியுள்ள அறை அது. கடைக்காரர் அதனை 'டிரையல் ரூம்' என்பர். ஒரு திருநங்கை பெண்கள் அறைக்குள் சென்று ரவிக்கையையோ சுடிதாரையோ அணிந்து பார்க்க விரும்புகிறார். அங்கு நிற்கும் ஊழியர், ஆண் என்றும் பெண் என்றும் இறைவன் வகுத்த வகுப்பை மீறுதல் தம் சமயத்துக்கு ஒவ்வாது என்று கருதுகிறார். இவ்விருவருள் யாருக்கு வழி விடுவது?

இது கற்பனை வழக்கன்று. 2011ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்க நாட்டு டெக்சஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகரத்து மேசிஸ் என்னும் பெருங்கடையில் இது நிகழ்ந்தது. பெண்ணாக வாழும் இளவயதினர் ஒருவர் பெண்கள் அறையைப் பயன்படுத்தினார். அங்கிருந்த பெண் ஊழியர் அவர் மீண்டும் அங்குச் செல்லலாகாது என்று தடுத்தார். திருநர் தாம் விரும்பும் அறையைப் பயன்படுத்தலாம் என்பது கடையின் விதி. அவ்விதிப்படி நடக்குமாறு மேலாளர் கூறியபோது, தம் சமய நம்பிக்கை அதற்கு இடம் தராது என்று ஊழியர் மறுத்தார், வேலையிலிருந்து நீக்கப்பட்டார். சமய உரிமைக்கு இழைத்த கேடு என்றனர் ஒரு சாரார். மனித மதிப்புக்குக் கிடைத்த காப்பு என்றனர் மற்றொரு சாரார்.

தொலைநாட்டுச் செய்தி நமக்கு ஏன் என்று நேயர்கள் கேட்கலாம். செஞ்சி வட்டாரத்தை அறிந்தோர் அவ்வாறு கேளார். செஞ்சியை அடுத்த மேலச்சேரி, திரௌபதியம்மன் வழிபாட்டின் தலைமை இடங்களுள் ஒன்று. பாரதக் கதை இம்மண்ணில் ஏட்டில் மட்டும் உறையவில்லை. கூத்தாகவும் தீமிதியாகவும் ஆண்டுதோறும் நடக்கிறது. அக்கதையின் ஒரு கிளையே கூவாகம். முன்பு செஞ்சியோடு ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்து, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில், சித்திரைத் திங்களில் கூத்தாண்டவர் விழா நடைபெறும். அருச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த அரவான், பாண்டவர் வெற்றிக்காகக் களப்பலி ஆகின்றான். பலியாகுமுன் மணம் புரிய வேண்டும் என்பது அவன் வேட்கை. மறுநாள் மாள்பவனுக்குப் பெண் கொடுப்பார் யார்? கண்ணனே மோகினியாகி அவனை மணந்தான் என்பது கதை. அக்கதையை நினைந்து, பல திசைகளிலிருந்தும் வரும் திருநங்கையர் தாலி கட்டிக்கொள்கின்றனர். தேரோடும் நாளில் அதனை அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளுடை உடுத்திப் புலம்புகின்றனர்.

தாலியைக் கட்டுபவர் அக்கோயிற் பூசாரி. அவரும் ஓர் ஊழியரே; தெய்வத்தின் வாயிலில் நிற்கும் ஊழியர். தம் முன் வந்து நிற்பவரைப் 'பெண்தானோ' என்று அவர் வினவுவதில்லை; மஞ்சட் கயிற்றை எடுத்துக் கட்டுகிறார். வேண்டுதல் உடைய ஊர் ஆடவரும் அவ்வாறே கட்டிக்கொள்வதுண்டு. அந்த மணக்கோலத்துக்கு வேண்டிய பட்டுப் புடவையும் ரவிக்கையும் வளையலும் ஏதோ ஒரு கடையிலிருந்துதான் வர வேண்டும். கோயிலில் மணமகளாக ஏற்கப்படும் ஒருவர் கடையின் ஓர் அறைக்குள் செல்ல இயலாமல் நிற்பாரானால், தடையைச் சமயத்தின் தடை என்று மட்டும் சொல்லிவிட முடியுமா? இங்குத் தடுப்பவரிடம் மட்டும் நம்பிக்கை இல்லை. தடுக்கப்படுபவரிடமும் நம்பிக்கை உண்டு. கதவின் இரு புறமும் நம்பிக்கை நிற்கிறது. இவ்வுண்மையை மனத்திற்கொண்டே இவ்வழக்கின் வரலாற்றை நாம் ஆராய்தல் வேண்டும்.

முதலில் மொழியின் சான்றைக் காண்போம். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களை உயர்திணையில் வைத்துப் பேசுகிறார். அவர்க்கெனத் தனியாகப் பால் காட்டும் ஈறு இல்லை. உயர்திணைக்குரிய ஈறுகளையே அவர் பெயரும் கொள்ளும் என்கிறார். அவ்வளவில் நிற்கவில்லை. அப்பெயர் ஆண்பாலைக் காட்டும் சொல்லோடு பொருந்தி நிற்றற்கு இடமில்லை என்றும் விதிக்கிறார். ஆண்மையை விட்டு நீங்கியவரை 'வந்தான்' என்று கூறுதல் இலக்கண வழு என்பது இதன் கருத்து. இன்று பலர் நாகரிகத்தின் பெயரால் வேண்டுவதனை அவர் மொழியின் பெயரால் விதித்துள்ளார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இன்னும் ஓர் அடி முன்செல்கிறார். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோர் ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோர் பெண்பால் என்று அவர் பகுக்கிறார். விட்டது எது, விரும்புவது எது என்பதே அவர் கொண்ட அளவுகோல். ஆயினும் வரலாற்றை நேர்மையாகக் கூற வேண்டுமாயின், அந்நூற்பாவின் இறுதியையும் மறைத்தல் கூடாது. இவ்விரு திறத்தாரும் அஃறிணை போலவும் கொள்ளப்படுவர் என்று அது முடிகிறது. மக்களாக ஏற்றுக்கொண்ட கையே 'அது' என்று விலக்கவும் செய்தது. ஏற்பும் இழிவும் ஒரே நூற்பாவில் அடுத்தடுத்து நிற்கின்றன. நம் சமுதாயத்தின் முழு உருவம் அந்நூற்பாவில் தெரிகிறது. பேடி என்றும் அலி என்றும் வழங்கிய சொற்கள் வசைச் சொற்களாக இழிந்தன. திருநங்கை என்னும் சொல்லே இந்த நூற்றாண்டில் அவர்க்கு மதிப்பை மீட்டுத் தந்தது. தமிழக அரசு 2008இல் அமைத்த நலவாரியமும் அவரை மக்களாக எண்ணிச் செய்த செயலேயாகும்.

அடுத்து, பெண்கள் இருக்கும் இடத்துக்குள் அவர் செல்வது பற்றிய வரலாறு. விராட நகரில் மறைந்து வாழ்ந்த அருச்சுனன் பிருகன்னளை என்னும் பேடியாகித் தன்னை அறிவித்துக்கொண்டான். விராடன் அவனை எங்கே அமர்த்தினான்? தன் மகள் உத்தரைக்கு ஆடலும் பாடலும் பயிற்றும் ஆசிரியனாகக் கன்னிமாடத்திலேயே அமர்த்தினான். கௌடில்யரின் அர்த்தசாத்திரம் அரசனது உள்மாளிகைப் பணியாளருள் இத்தகையோரையும் குறிப்பிடுகிறது. 1698இல் செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றிய மொகலாயரின் அரண்மனைகளிலும் குவாஜாசரா எனப்பட்டோரே அந்தப்புர வாயிலைக் காத்தனர். அவருள் பலர் இளமையிலேயே வலிந்து விதையடிக்கப்பட்ட அடிமைகள். அவர் நிலையும் தாமே விரும்பிப் பெண்ணாக வாழும் திருநங்கையர் நிலையும் ஒன்றல்ல. அக்கொடுமையைப் புகழ்வது என் நோக்கமன்று. ஆயினும் ஒன்று தெளிவாகிறது. இத்தகையோர் பெண்களிடையே இருத்தல் பெண்களின் மானத்துக்குக் கேடு என்னும் எண்ணம் என்றும் உள்ளதொரு மரபன்று. பெண்களின் வாயிலைக் காக்கத் தக்கவர் அவரே என்று எண்ணிய காலமும் இந்நாட்டில் இருந்தது.

அவ்வெண்ணம் எப்போது சட்டமாக மாறியது? ஆங்கில அரசு 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. கள்ளர் முதலிய பல சமூகத்தாரைப் பிற்காலத்தில் வாட்டிய சட்டம் என்றே நாம் அதனை அறிவோம். அதன் இரண்டாம் பகுதி, வடநாட்டு மாகாணங்கள் சிலவற்றில் வாழ்ந்த அலிகளைப் பதிவேட்டில் எழுதிவைக்க ஆணையிட்டது. அங்ஙனம் பதிவு செய்யப்பட்டவர் பெண்ணுடையோ பெண்ணணியோ அணிந்து பொதுத் தெருவில் தோன்றினால், ஆணைப் பத்திரம் இன்றியே காவலர் அவரைச் சிறைப்படுத்தலாம்; இரண்டாண்டு வரை சிறையோ, தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். மகவு ஏற்கவும் விருப்ப ஆவணம் எழுதவும் அவர்க்கு உரிமை மறுக்கப்பட்டது. திருடியதற்காக அன்று, தீங்கு செய்ததற்காக அன்று. சேலை உடுத்தியதற்காகச் சிறை! உடை என்பது உடலை மூடும் துணி மட்டும் அன்று. ஒருவரை மக்களிடையே இன்னார் என்று அறிவிக்கும் மொழி. அதனாலேயே அதிகாரம் உடையின் மீது கை வைக்கிறது.

தென்னாட்டிலும் உடைப்போர் நிகழாமல் இல்லை. தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், நாடார் குலப் பெண்கள் தோள்சீலை அணியும் உரிமைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் போராடினர். அவர் மார்பை மறைத்தல் குலமரபுக்கும் சமய மரபுக்கும் மாறு என்று மேற்குலத்தார் தடுத்தனர். 1859இல் மன்னர் மேலாடை அணிய இசைவு தந்தார். ஆயினும் மேற்குலப் பெண்டிர் அணியும் முறையில் அணிதல் கூடாது என்று ஒரு தடையையும் உடன் வைத்தார். 'உடுத்திக்கொள், ஆனால் எம்மைப் போல் உடுத்தாதே' என்பதே அதன் உட்பொருள். இன்று கடையில் கேட்கும் குரலும் இதுதானே? துணியை வாங்கிச் செல்லத் தடையில்லை. பெண்களைப் போல் பெண்கள் அறையில் உடுத்திப் பார்க்க மட்டும் தடை.

இனி, சமய நம்பிக்கையால் பணியாளர் மறுப்புத் தெரிவித்த நிகழ்ச்சி நம் நாட்டில் உண்டா என்று காண்போம். உண்டு, அதுவும் தமிழகத்தின் தலைசிறந்த கோயிலொன்றில். 1939ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8ஆம் நாள், மதுரை அ. வைத்தியநாதய்யர் அவர்கள், கோயிலுக்குள் செல்லவொட்டாது தடுக்கப்பட்டிருந்த குலத்தவரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார். கோயில் நிருவாகப் பொறுப்பில் இருந்த ஆர். எஸ். நாயுடு அவர்கள் அதற்குத் துணை நின்றார். பட்டர்களுள் சிலர், கோயிலின் தூய்மை கெட்டது என்று கூறிப் பூசை செய்ய மறுத்தனர். அவர் மறுப்பு நடிப்பன்று. தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்ட நம்பிக்கை அவரை அவ்வாறு பேச வைத்தது. ஆயினும் அம்மறுப்பின் பொருட்டு வந்தவரை வெளியேற்றவில்லை. நுழைவு உரிமையைத் திரும்பப் பெறவும் இல்லை. இராசாசி அவர்களின் அரசு அதே ஆண்டில் சட்டமும் இயற்றியது. பட்டரின் நம்பிக்கை பட்டருடையது. கோயிலோ வழிபட வருவோர்க்கு உரியது என்னும் நெறி அன்று வகுக்கப்பட்டது.

இந்நெறிக்கு நம் சமய இலக்கியமும் சான்று தரும். ஆதனூர்த் திருநாளைப்போவார் திருப்புன்கூருக்குச் சென்றபோது, உள்ளே புக இயலாமல் வாயிற்புறத்தே நின்றார். இறைவனைக் காணாதவாறு நந்தி மறைத்திருந்தது. நந்தியே கயிலைக் காவலன். தலைவனிடம் அதனினும் பற்று உடையது வேறில்லை. இறைவன் ஆணையிட, அது விலகி வழிவிட்டது என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. தில்லையில் அதே அடியவர் தீயில் மூழ்கியே உள்ளே செல்ல நேர்ந்தது. ஓர் ஊரில் காவல் விலகியது. மற்றோர் ஊரில் வந்தவர் வேக வேண்டியிருந்தது. இவ்விரண்டுள் எவ்வழியைப் பின்பற்றுவது என்பதே ஒவ்வொரு தலைமுறைக்கும் எழும் வினா.

கோயிலிலிருந்து கடைக்கு வருவோம். 1950ஆம் ஆண்டு சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு எவரையும் கடைகளுக்குள்ளும் உணவு விடுதிகளுக்குள்ளும் செல்லாமல் தடுத்தல் கூடாது என்கிறது. கிணறும் குளமும் சாலையும் அதில் இடம்பெற்றுள்ளன. 'கடை' என்னும் எளிய சொல் நாட்டின் முதற்பெருஞ் சட்டத்தில் இடம்பெற்றமை நம் வரலாற்றின் தழும்பு. 1948 நவம்பர் 29ஆம் நாள் இப்பிரிவு அரசியல் நிருணய சபையில் ஆராயப்பட்டபோது, சலவை நிலையமும் முடிதிருத்தகமும் கடையில் அடங்குமா என்று கேட்கப்பட்டது. அண்ணல் அம்பேத்கர் விளக்கம் தந்தார். தேடி வருவோர்க்குத் தம் பணியை வழங்க முன்வரும் இடம் எதுவும் கடையே. உள்ளே நுழைய விடுவது மட்டும் இதன் பொருளன்று, உரிய விலைக்கு உரிய பணியைச் செய்தலும் இதில் அடங்கும் என்பது அவர் கருத்து. இதன்படி நோக்கினால், துணியை விற்றுவிட்டு அதனை அணிந்து பார்க்கும் வசதியை மறுப்பது பாதிக் கடையைத் திறந்து பாதிக் கடையை மூடுவதாகும்.

அப்பிரிவில் உள்ள 'பால்' என்னும் சொல் திருநரையும் குறிக்குமா என்னும் ஐயத்தை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15ஆம் நாள் தீர்த்தது. தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில், நீதியரசர்கள் கே. எஸ். இராதாகிருஷ்ணனும் ஏ. கே. சிக்ரியும், பால் என்பது ஒருவர் தம்மை உணரும் பால் அடையாளத்தையும் உள்ளடக்கும் என்றனர். உடையாலும் சொல்லாலும் செயலாலும் தம் பாலை வெளிப்படுத்துதல் கருத்துரிமையின் ஒரு கூறு என்றும் தெளிவாக்கினர். 1871இல் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இருந்த உடை, 143 ஆண்டுகளுக்குப் பின் அடிப்படை உரிமை ஆயிற்று. 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய திருநர் பாதுகாப்புச் சட்டமும், பொதுமக்கள் பயன்படுத்தும் பொருளையும் பணியையும் வசதியையும் அவர்க்கு மறுத்தலைத் தடை செய்தது.

சமய உரிமை குறித்தும் ஒரு தீர்ப்பு உண்டு. 2018 அக்டோபரில் தூத்துக்குடிக் கோயிலொன்றில் ஓர் ஆடவரும் ஒரு திருநங்கையும் இந்து முறைப்படி மணம் செய்துகொண்டனர். பதிவாளர் அம்மணத்தைப் பதிய மறுத்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்றது. 2019 ஏப்ரல் 22ஆம் நாள் நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். மணமகள் என்னும் சொல் என்றும் மாறாத ஒரே பொருளில் உறைந்து நிற்பதன்று. திருநங்கையையும் அது குறிக்கும் என்றார். இருவரும் இந்துக்கள் ஆதலின், மறுப்பு அவருடைய சமய உரிமையையும் மீறுவதாகும் என்றும் எடுத்துக்காட்டினார். அதாவது, மனச்சான்று உரிமை தரும் 25ஆம் பிரிவு வாயிற்காவலருக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. வாயிலில் நிற்பவருக்கும் எழுதப்பட்டது. அப்பிரிவே, பொது ஒழுங்கு, ஒழுக்கம், நலம், பிற அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு உட்பட்டதே அவ்வுரிமை என்றும் வரையறுத்துள்ளது.

இவ்வளவும் கூறிய பின், ஊழியரின் பக்கத்தையும் நாம் நடுவுநிலையோடு எண்ண வேண்டும். ஜவுளிக் கடையில் நிற்கும் ஊழியர் செல்வரும் அல்லர். சட்டம் செய்பவரும் அல்லர். நாள் முழுதும் நின்றே பணிசெய்யும் அவர்க்கு அமர்வதற்கு இருக்கை தர வேண்டும் என்னும் விதியே தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டமாயிற்று. உட்காரவும் உரிமையின்றி நின்றவரை, நாகரிகத்தின் பகைவர் என்று ஒரே சொல்லில் இகழ்தல் அறமன்று. அவர் உள்ளத்தில் உள்ள சமயப் பற்று அவர் தாயிடமிருந்து பெற்றது. துன்பக் காலத்தில் அவரைத் தாங்கி நிற்பது. அதனைக் கேலி செய்து எவர் உரிமையையும் காக்க முடியாது.

ஆயினும் நம்பிக்கைக்கும் செயலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒருவர் எதனை நம்ப வேண்டும், எவ்வாறு வழிபட வேண்டும், தம் இல்லத்தில் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பவற்றில் கடைக்கோ அரசுக்கோ இடமில்லை. ஆனால், தம் நம்பிக்கையின் விலையைத் தாம் கொடுப்பது வேறு. பிறரைக் கொடுக்கச் செய்வது வேறு. விரதம் இருப்பவர் தாம் உண்ணாமல் இருக்கலாம். விருந்தினரையும் பட்டினி கிடக்கச் சொல்ல முடியாது. ஓர் ஊழியர்க்கு மனம் ஒவ்வாதாயின், அவ்வறையின் பொறுப்பை வேறொருவர்க்கு மாற்றிக் கொடுப்பது கடைக்கு அரிய செயலன்று. அமெரிக்க நாட்டுச் சட்டம் 1972 முதல் ஊழியரின் சமய ஒழுக்கத்துக்கு இயன்றவரை இடந்தர வேண்டும் என்று கூறிவருகிறது. 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அக்கடமையை மேலும் வலுவாக்கியது. இடமாற்றம், முறைமாற்றம் ஆகியவற்றால் ஊழியரின் மனத்தையும் காக்கலாம். வந்தவரின் மதிப்பையும் காக்கலாம். கதவை அடைப்பதனால் இரண்டும் கெடும்.

மூன்றாவதாக ஒரு குரல் உண்டு. உடை மாற்றும் பெண்களுக்கு மறைவு வேண்டும் என்பது அக்குரல். இக்கவலை உண்மையானது, பெண்களின் அச்சத்துக்கு இந்நாட்டில் காரணங்கள் பல உள. உலகமும் இதில் ஒரு முடிவுக்கு வந்துவிடவில்லை. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 16ஆம் நாள், அந்நாட்டுச் சமத்துவச் சட்டத்தில் பெண் என்னும் சொல் பிறப்பால் பெண்ணானவரையே குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. நம் நீதிமன்றங்கள் சென்ற திசையும் அந்நீதிமன்றம் சென்ற திசையும் வேறு. ஆனால் ஜவுளிக் கடையின் அறையைப் பொறுத்தவரை, இச்சிக்கலில் பெரும்பகுதி தச்சன் கையிலேயே தீர்ந்துவிடும். தரை முதல் மேற்கூரை வரை மறைக்கும் கதவும், உள்ளே ஒரு தாழும், ஓர் அறைக்கு ஒருவர் என்னும் ஒழுங்கும் இருந்தால் போதும். மெல்லிய திரையைத் தொங்கவிட்டு, இரு பக்கமும் இடைவெளி விட்டுவிட்டு, மானத்தைக் காக்கும் பொறுப்பை ஊழியரின் தலையில் ஏற்றுவது உரிமையாளரின் குறை. நல்ல கதவு இருந்தால் பெண்ணின் அச்சமும் நீங்கும். திருநங்கையின் இழிவும் நீங்கும். ஊழியரின் மனப்போராட்டமும் பெரும்பாலும் தணியும்.

சட்டத்தால் கதவு திறக்கும், பார்வை திறப்பதில்லை. கடைக்குள் வந்த திருநங்கையைக் கண்டு ஒருவர் சிரித்தால், அச்சிரிப்பைப் பிடிக்க எந்தச் சட்டத்திலும் பிரிவில்லை. அவர் பெரும்பாலும் உடுத்திப் பார்க்காமலே துணியை வாங்கிச் சென்றுவிடுவார். அளவு சரியில்லையாயினும் மாற்றிக்கொள்ள மீண்டும் வரமாட்டார். இச்சிறு இழப்பு எந்த வழக்கிலும் பதிவாவதில்லை. ஆனால், ஒரு மனிதர் தம் ஊர்க் கடைத்தெருவைத் தமக்கு உரியதன்று என்று முடிவு செய்துகொள்ளும் கணம் அது. சேரியும் அக்கிரகாரமும் தனித்தனியே நின்ற ஊர்களில், ஆயிரக்கணக்கானோர் அவ்வாறு முடிவு செய்துகொண்டு வாழ்ந்து மடிந்தனர். அதனை மாற்றவே நம் முன்னோர் 'கடை' என்னும் சொல்லை அரசியலமைப்பில் எழுதினர்.

ஆகவே, நேயர்களே, இவ்வழக்கினைச் சமயத்துக்கும் சமயமின்மைக்கும் நடக்கும் போர் என்று கொள்ளாதீர்கள். இருவரும் நம்புகின்றனர். ஒருவர் இறைவன் வகுத்த வகுப்பை நம்புகிறார். மற்றவர் அதே இறைவன் தம்மை இவ்வாறு படைத்ததனை நம்புகிறார். இவ்விரு நம்பிக்கைகளுக்கும் இடையே தீர்ப்பு வழங்கக் கடைக்கு ஆற்றலில்லை, ஆற்றல் தேவையுமில்லை. கடையின் கடமை சிறியது, தெளிவானது. பொருளுக்குரிய விலை, துணிக்குரிய அளவு, வருவோர்க்குரிய மதிப்பு ஆகிய மூன்றையும் குறையாமல் தருதல் அது. அளந்து கிழிக்கும் கோல் எல்லோர்க்கும் ஒன்றாக இருப்பது போல, அணிந்து பார்க்கும் அறையின் கதவும் எல்லோர்க்கும் ஒன்றாகத் திறக்குமாயின், அங்கு நிற்கும் ஊழியர் தம் நம்பிக்கையில் எதனையும் இழந்தவர் ஆகமாட்டார்.